சைனைட் மேட்டுப் பிள்ளைகள்

கன்னியம்மா மரவாடிக்கு வந்து ஆணி பார்க்கிற மிஷினை ஒருநாள் இரவல் கேட்டபோது தமீம் பாய்க்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆப்பக்கடை போடுகிறவருக்கு அது எதற்கு, ஆப்பத்துக்குள் ஆணி கிடக்கிறதா என்று கேட்டார். கன்னியம்மா சிரிக்கவில்லை. புருஷனுக்குக் கொண்டுவந்த சோற்றுக்கூடையைத் தேக்கு உத்தரத்தின்மேல் வைத்துவிட்டு முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கோலாருக்கு எத்துகினு போவணும் பாய். எம்புள்ள அங்க மண்ணுல கீது."

தமீம் பாய் டீ கிளாஸைக் கீழே வைத்தார். கன்னியம்மாவையும் மரவாடியில் வேலை பார்க்கிற அவர் புருஷன் சின்னப்பையனையும் அவருக்கு வருஷக்கணக்கில் தெரியும். ஒரே மகள் மாயா, ஆஸ்பத்திரியில் பில் போடுகிற வேலை. அவ்வளவுதான் குடும்பம் என்று நினைத்திருந்தார். திரும்பி சின்னப்பையனைப் பார்த்தார். சின்னப்பையன் மிஷினை மரத்தின்மேல் ஓட்டுவதை நிறுத்தவில்லை. சத்தம் வராத இடத்திலேயே திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தார்.

தண்டையார்பேட்டையில் தமீம் பாயின் மரவாடிக்கு வருவதெல்லாம் பழைய மரம். ஜார்ஜ் டவுனிலும் ராயபுரத்திலும் இடிக்கிற வீடுகளின் உத்தரம், தூண், கதவு நிலை. பர்மா தேக்கு, தொட்டால் இன்னும் எண்ணெய் வாசனை வரும். உள்ளே எந்தக் காலத்திலோ அடித்த ஆணி தலை மழுங்கிப் புதைந்துகிடக்கும். அது தெரியாமல் அறுத்தால் ரம்பத்தின் பல் போய்விடும். அதற்காகத்தான் துறைமுக ஏலத்தில் அந்த மிஷினை எடுத்திருந்தார். நீளமான பிடி, அடியில் தோசைக்கல் மாதிரி ஒரு தட்டு. மரத்தைத் தரையில் கிடத்தி சின்னப்பையன் அதன்மேல் தட்டை ஓட்டுவார். கூவுகிற இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுவார். பிறகு குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு வட்டமாகக் கொத்தி ஆணியைப் பிடுங்குவார். இரும்புக்கு ஒரு கூவல், பித்தளைக்கு ஒரு கூவல். பெயர்தான் சின்னப்பையன், தலை முழுக்க நரைத்துவிட்டது.

கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கியவர் அவர். சுரங்கத்தை மூடியதும் கன்னியம்மாவின் சொந்தக்காரர்களை நம்பிப் புளியந்தோப்புக்கு வந்தார்கள். வருவதற்கு முன்பே, சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிக்கொடுத்த லைன் வீட்டில் இருந்தபோது, முதல் பிள்ளை பகலவன் பதினோரு மாதத்தில் காய்ச்சலில் போனான். குழந்தையைப் புதைக்க ஆண்கள்தான் போவார்கள். பெண்கள் வாசலோடு சரி. துண்டில் சுற்றிய பிள்ளையைப் புருஷன் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு லைன் முனையில் திரும்புகிறவரைக்கும் கன்னியம்மா பார்த்தார். அதற்கப்புறம் அவன் எங்கே போனான் என்பது அவர் கண்ணால் பார்க்காத இடம்.

பார்க்காவிட்டாலும் ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார். பிள்ளையின் காய்ந்த தொப்புள்கொடியை வெள்ளித் தாயத்துக்குள் வைத்து இடுப்பில் கட்டியிருந்தார்கள். அதை மட்டும் அவிழ்க்காதே, அது அவன் கொடி, அவனோடு போகட்டும் என்று. சின்னப்பையன் அவிழ்க்கவில்லை.

இத்தனை வருஷம் கழித்து அந்தப் பேச்சு கிளம்பியதற்குக் காரணம் கன்னியம்மாவின் தம்பி தங்கப்பாண்டி. இன்னும் கோலாரிலேயே இருப்பவர். சயனைடு போட்டுத் தங்கம் எடுத்துவிட்டுக் கொட்டிய சக்கை மண் அங்கே மலை மலையாகக் கிடக்கிறது, ஊர்க்காரர்கள் அதைச் சைனைட் மேடு என்பார்கள். மிச்சத் தங்கத்துக்காக அந்த மேட்டை அள்ளப்போகிறார்கள் என்று பேச்சு, மேட்டின் காலடியில்தான் குழந்தைகளைப் புதைத்த இடம், ஏற்கெனவே இரண்டு மழைக்கு மண் அரித்துப் புதைத்தது மேலேயே வந்துவிட்டது என்று ஃபோனில் சொன்னார். கன்னியம்மா அன்று மாவு கரைக்கவில்லை. மறுநாள் ஆப்பத்துக்கு வந்தவர்கள் திரும்பிப் போனார்கள்.

தாயத்தைக் கண்டுபிடித்து, அதோடு கிடைக்கிறதை எடுத்துவந்து காசிமேட்டில் புதைத்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. நடந்துபோய்ப் பார்க்கிற தூரம். சின்னப்பையன் ஒத்துக்கொள்ளவில்லை. தூங்குகிற பிள்ளையைக் கிளப்புவது என்ன பழக்கம் என்றார். ரயில் செலவு என்றார், முழங்கால் வலி என்றார். உண்மைக் காரணத்தை அவர் தமீம் பாயிடம் மட்டும்தான், உத்தரத்தைப் புரட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டு சொன்னார்.

"எடம் மறந்துட்ச்சு பாய். நான்தான் தோண்டுனேன், நான்தான் மூடுனேன். ஒரு கல்லு நட்டேன். கண்ண மூடுனா கல்லு தெரியுது, சுத்தி இன்னா கீதுன்னு தெரில. அதுகிட்ட எப்டி சொல்றது?"

தமீம் பாய்க்கு அவருடைய சங்கடம் வேறு. சமாதியைத் தோண்டுவதென்றால் அவருக்கு உடம்பு கூசியது. மாலையில் கன்னியம்மாவின் வீட்டுக்கே போய், கட்டிலில் உட்காராமல் நின்றபடி சொன்னார்.

"கபுர தொறக்கறது எங்கள்ல கூடாதுக்கா."

"நான் எங்க பாய் தொறக்கறேன். மய தொறந்து வுட்டுச்சு. நான் மூடத்தான் போறேன்."

தமீம் பாய் இறங்கி வந்தார். மிஷினைத் தருகிறேன், ஆனால் நானும் கூட வருவேன் என்றார். கன்னியம்மா மீன்குழம்பு ஊற்றி ஆப்பம் வைத்தார். தமீம் பாய் அப்புறம்தான் கட்டிலில் உட்கார்ந்தார்.

பாயே வருகிறேன் என்றபின் சின்னப்பையனாலும் தட்ட முடியவில்லை. ஆனால் வெள்ளிக்கு மிஷின் எப்படிக் கூவும் என்று அவருக்குத் தெரியாது. மரத்துக்குள் யார் வெள்ளி ஆணி அடிக்கிறார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் காசிமேட்டுக் கரைக்குப் போனார்கள். தமீம் பாயின் மனைவி மலிகா, மகள் ரிஃபானா குழந்தையாக இருந்தபோது கட்டிய வெள்ளித் தாயத்தைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்துவந்திருந்தார். ஏலம் முடிந்து, கூடைகளைக் கழுவிய தண்ணீர் மணலில் ஓடிக்கொண்டிருந்தது. ஐஸ் உடைக்கிற சத்தமும் டீசல் வாடையும். சின்னப்பையன் தாயத்தை விரல் ஆழத்தில் புதைத்து மிஷினை ஓட்டினார். பிறகு ஒரு சாண். பிறகு முழங்கை ஆழம், அங்கே சத்தம் நின்றது. வெள்ளியின் கூவல் இரும்பு மாதிரி கரகரக்கவில்லை. மெலிசாக, மேலே ஏறி நின்றது. இடையில் பாட்டில் மூடி கூவியது, தூண்டில் முள் கூவியது, படகு ஆணி கூவியது.

தாயத்தைத் தோண்டி எடுத்து முடிந்துகொண்டபோது வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். தங்கமா, புதையலா, யார் வீட்டுச் சொத்து என்று ஆளுக்கொரு கேள்வி. சமாளிக்கத் தெரியாமல் மலிகா தன் தோடு விழுந்துவிட்டது என்று சொல்லிவிட்டார். அதுதான் தப்பாகிப் போனது. ஐயோ பாவம் என்று அத்தனை பேரும் குனிந்து தேட ஆரம்பித்தார்கள். ஒருவர் இறால் சலிக்கிற தட்டைக் கொண்டுவந்து மணலைச் சலித்தார். ஜெயவேல் என்று ஒரு கிழவர், கண் சரியாகத் தெரியாதவர், நாலு காலில் தவழ்ந்தார். வெயில் ஏறிக்கொண்டே போனது. விட்டுவிட்டுப் போகச் சொன்னாலும் கேட்கவில்லை. கடைசியில் மலிகா புர்காவுக்குள் கையை விட்டுத் தன் காதிலிருந்த தோட்டைக் கழற்றி, மணலில் போட்டு, தானே கண்டெடுத்தார். கைதட்டினார்கள். ஜெயவேல் அவரைத் திட்டினார்.

"தங்கத்த போட்டுகினு கடலாண்ட வர்றியே, உன்ன இன்னான்னு சொல்றது? திருகாணி லூசா கீதா பாரும்மா."

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் கன்னியம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே மலிகாவின் தோளில் சாய்ந்து அழுதார். மலிகா கல்மண்டபம் தாண்டும்வரை முதுகில் தட்டிக்கொண்டே வந்தார்.

கன்னியம்மாவும் சின்னப்பையனும் தமீம் பாயும் பெரம்பூரில் ரயில் ஏறி, பங்காருப்பேட்டையில் மாறி, மாரிக்குப்பம் போய்ச் சேர்ந்தார்கள். மிஷினைப் போர்வையில் சுற்றியிருந்தார்கள். இது என்ன என்று கேட்டவர்களுக்குத் தமீம் பாய் தரை துடைக்கிற மிஷின் என்று பதில் சொல்லிக்கொண்டு வந்தார். மலிகா கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சோற்றைப் பிரித்தபோது கன்னியம்மா இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. தாயத்து எப்படி இருக்கும் என்று மூன்றாவது முறையாகச் சொன்னார். வெள்ளி பத்தாமல் போனதால் பத்தர் ஒரு பக்கம் மட்டும்தான் வளையம் வைத்தார். மற்ற பிள்ளைகளுக்கு இரண்டு பக்கமும் இருக்கும். இவனுக்கு ஒன்றுதான். அதனால் எப்போதும் சாய்ந்தே தொங்கும்.

"நீ சாஞ்ச புள்ளடான்னு சொல்வேன். சிரிப்பான்."

சின்னப்பையன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கப்பாண்டி ஸ்டேஷனில் நின்றிருந்தார். சுரங்கத்தின் இரும்புக் கோபுரம் துருப்பிடித்து அப்படியே நின்றது. லைன் வீடுகள் பாதி இருந்தன, பாதிக்குக் கூரை இல்லை. அப்புறம் மேடு. சாம்பல் வெள்ளையில், புல் முளைக்காமல், மழை கீறிய கோடுகளோடு. காற்றடித்தால் மாவு மாதிரிப் பறந்து உதட்டில் ஒட்டியது. அதன் காலடியில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்த ஒரு சரிவு. தங்கப்பாண்டி அரிவாளால் முள்ளை ஒதுக்கி வழி விட்டார்.

கன்னியம்மா செருப்பைக் கழற்றினார். முள் கீது அக்கா என்று தமீம் பாய் சொன்னது அவர் காதில் விழவில்லை. லைன் முனையில் நின்றுபோன கண், அன்றைக்குத்தான் மிச்ச தூரத்தையும் பார்த்தது. இவ்ளோ கிட்டயா, என்றார். இத்தனை கிட்டே இருந்ததா.

கல் எதுவும் இல்லை. கட்டடத்துக்குப் பொறுக்கிப் போயிருப்பார்கள், அல்லது மண் மூடியிருக்கும். சின்னப்பையன் மிஷினைப் போட்டார். முதலில் எல்லாம் இரும்பு. துளை போடுகிற கம்பியின் முனை, தகர டப்பா, ஒரு பழைய விளக்கின் மூடி. ஒவ்வொன்றையும் எடுத்து ஓரமாகப் போட்டார்கள். வெயில் சுட்டது. பிறகு ஒரு இடத்தில் அந்த மெலிசான சத்தம் ஏறி நின்றது.

சின்னப்பையனின் கை அப்படியே நின்றுவிட்டது. கன்னியம்மா மண்டி போட்டு விரலாலேயே மண்ணை ஒதுக்கினார். ஆழம் ஒரு சாண்கூட இல்லை. கறுத்துப்போன ஒரு தாயத்து வந்தது. உள்ளங்கையில் வைத்துத் துடைத்தார். இரண்டு பக்கமும் வளையம்.

"இவன் இல்ல," என்றார். எடுத்த இடத்திலேயே வைத்து மூடினார். மூடியபின் உள்ளங்கையால் இரண்டு தட்டு, தூளியில் போட்ட பிள்ளையைத் தட்டுகிற மாதிரி.

நாலு எட்டு தள்ளி மறுபடி. அதுவும் இரண்டு வளையம். கருவேலத்தின் அடியில் மறுபடி. அதில் வளையமே இல்லை, அரித்துப் போயிருந்தது. அதற்குப் பக்கத்தில் மறுபடி. மிஷின் கெட்டுவிட்டதோ என்று தங்கப்பாண்டி கேட்டார். சின்னப்பையன் இல்லை என்று தலையாட்டினார். தட்டை எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே சத்தம், கிட்டேயும் எட்டவும், சரிவு முழுக்க.

கன்னியம்மா எழுந்திருக்கவில்லை. மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எல்லா ஆத்தாளும் அதையேதான் சொல்லி அனுப்பிச்சிகீறா," என்றார். "நான் மட்டும்தான் சொன்னேன்னு நெனச்சிகினு இருந்தேன்யா இத்தினி நாளா."

மிஷினை இறக்கி வைத்துவிட்டு சின்னப்பையனும் பக்கத்தில் உட்கார்ந்தார். முழங்கால் மடங்க நேரமானது.

"கன்னி, எனக்கு எடம் நெனப்பு இல்ல."

"தெரிது. வந்ததுலேர்ந்து நீ எந்தப் பக்கம் போவணும்னு ஒரு வார்த்த சொல்லல, மிஷினையே ஆட்டிகினு கீற."

"கல்லு நட்டேன்."

"நட்டிருப்ப."

"நெஜமாதான்."

"யார் இல்லன்னா இப்ப. நீ ஒரு ஆளா அவன தூக்கிகினு வந்து, தோண்டி, மூடிட்டு வூட்டுக்கு வந்து எனக்கு சோறு ஊட்டுன. அதுல எது நெனப்பு இருக்கும்? வுடு."

தமீம் பாய் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு மேட்டைப் பார்த்தபடி திரும்பி நின்றார். உதடு மட்டும் அசைந்தது.

கொஞ்ச நேரம் கழித்துக் கன்னியம்மா பையைத் திறந்தார். பிள்ளையைச் சுற்றிக் கொண்டுபோக வாங்கிய புதுத் துண்டு, மடிப்புக் கலையாமல் இருந்தது. பல்லால் கடித்து ஓரத்தைக் கிழித்தார். தோண்டாதே, கூவுகிற இடத்தில் வட்டம் மட்டும் போடு என்று புருஷனிடம் சொன்னார். அதுதான் அவருக்குத் தெரிந்த வேலை. சின்னப்பையன் தட்டை ஓட்டி, கூவும் இடத்தில் குச்சியால் வட்டம் போட்டார். தங்கப்பாண்டி வட்டத்தில் ஒரு குச்சி நட்டார். கன்னியம்மா குச்சியில் துண்டின் கிழிசலைக் கட்டினார். சின்னப்பையன் வாய்க்குள் எண்ணிக்கொண்டு வருவது கேட்டதும் தோளில் ஒரு அடி வைத்தார்.

"கொயந்தைங்கள எண்ணாத."

துண்டு தீர்ந்தது. தமீம் பாயின் தோள் துண்டும் தீர்ந்தது. சத்தம் தீரவில்லை.

கிளம்பும்போது தங்கப்பாண்டி சொன்னார், நான் ஒருத்தன் போய் இது பிள்ளைகள் இடம் என்றால் ஆபீசில் பேப்பர் கேட்கிறான். புதைத்தவர்களில் பாதிப் பேர் ஊரிலேயே இல்லை. பெற்றவர்கள் வந்து நின்றால் வேலியாவது போடுவான், அள்ளுகிறவனும் யோசிப்பான். கன்னியம்மா சரிவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒருவனை மட்டும் எப்படிக் கூட்டிக்கொண்டு போவது என்று ரயிலில்தான் சொன்னார். அவன் எவன் என்றும் தெரியாது. தெரிந்திருந்தாலும், மற்றதுகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படி.

புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் கோலாரிலிருந்து வந்த குடும்பங்கள் நிறைய. கன்னியம்மா ஆப்பக்கடையை முடித்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போக ஆரம்பித்தார். முதலில் ஊர்க்கதை பேசுவார், எந்த லைன், எந்தக் குழாயடி என்று. அப்புறம் மெதுவாக, உனக்கு அங்கே யாராவது இருக்கிறார்களா என்று கேட்பார். சில வீட்டில் கதவு சாத்திக்கொண்டார்கள். சில வீட்டில் உட்காரச் சொன்னார்கள். எதிர் பிளாக்கில் ஒரு அம்மாள், வருஷக்கணக்காகக் கடை வரிசையில் நின்று ஆப்பம் வாங்குகிறவர், வேறு எதுவும் பேசியதில்லை, இரண்டு பேர் என்று விரலைக் காட்டிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டார். மறுநாள் விடிந்ததும் அவரே கன்னியம்மா வீட்டுக் கதவைத் தட்டி, என்றைக்குப் போகிறோம் என்று கேட்டார்.

மாயாவுக்கு இது பிடிக்கவில்லை. அண்ணன் ஒருவன் இருந்தான் என்று தெரியும், பெயர்கூடக் கேட்டதில்லை.

"நைனா, அம்மா வூடு வூடா போய் எல்லாரையும் அய வெச்சிட்டு வருது. பக்கத்து பிளாக்ல என்ன பாத்தா மூஞ்ச திருப்பிக்கறாங்க."

சின்னப்பையன் ஆப்பச் சட்டியைக் கழுவினார். அவரும் கொஞ்ச நாளாகக் கடையில் மாவு ஊற்றக் கற்றுக்கொண்டிருந்தார். நடுவில் தடியாகவும் ஓரத்தில் கருகியும் வந்தது. வாங்குகிறவர்கள் தின்றார்கள். மாயா அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். பெயர் என்ன என்று கொஞ்சம் கழித்துக் கேட்டாள். பகலவன் என்றார். நல்லாதான் கீது, என்றாள். அந்த வாரம் ஆஸ்பத்திரியில் சொல்லி லீவு போட்டுவிட்டு வேன் பேசியவள் அவள்தான்.

வேன் விடியற்காலையில் பிளாக் முனையில் வந்து நின்றது. பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். தலைக்குக் குளித்திருந்தார்கள், கையில் ஆளுக்கொரு பை. ஒருவர் கிலுகிலுப்பை வாங்கியிருந்தார். இன்னொருவர் அதைப் பார்த்துவிட்டு, எனக்கு ஏன் தோணலை என்றார். மாயா டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். மலிகாவும் வந்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். உனக்கு அங்கே யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. தமீம் பாய் மிஷினைக் கொண்டுவந்து, ரம்பம் ஒரு நாளைக்கு ஓடாது, பரவாயில்லை என்று சொல்லி ஏற்றினார்.

சின்னப்பையன் சட்டை மாட்டிக்கொண்டு தயாராக வந்தார். கன்னியம்மா வேன் கதவில் கையை வைத்து மறித்தார்.

"நீ எங்க வர்ற?"

"மிஷின் யார் ஓட்டுவா?"

"நான் ஓட்டுவேன். பாத்துகினுதான இருந்தேன். ஆம்பளைங்க நீங்கல்லாம் அன்னிக்கே போயிட்டு வந்துட்டீங்க. எங்கள வாசல்லயே நிறுத்திட்டு. இன்னிக்கு நாங்க போய்ட்டு வரோம்."

வேனுக்குள் யாரோ சிரித்தார்கள். சின்னப்பையன் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டு நின்றார்.

"தட்ட தரைய ஒட்டி ஓட்டு. தூக்கிப் புடிச்சா கேக்காது."

"தெரியும். நீ போய் கறி வாங்கு. நேரமானா கூட்டம் கூடிரும். ராத்திரி வந்து இறங்கறவங்கள்லாம் நம்ம வூட்லதான் துன்னுவாங்க, சொல்லிட்டேன்."

வேன் பாலத்தின் பக்கம் திரும்புகிறவரைக்கும் அவர் அங்கேயே நின்றார். தமீம் பாய் டீ குடிக்கக் கூப்பிட்டதற்கு அப்புறம் என்றார். கறிக்கடையில் கருணாகரன் அப்போதுதான் தொடையை மாட்டிக்கொண்டிருந்தார். எப்போதும் அக்காதானே வரும், உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

"இல்லப்பா. புள்ளயப் பாக்க போய்கீது."

"மாயாவா? ராத்திரி இங்கதான பாத்தேன்."

"அது சின்னது," என்றார் சின்னப்பையன். "பெரியவன. எங்க பெரியவன் கோலார்ல கீறான்."

கருணாகரன் கத்தியைத் தீட்டிக்கொண்டே எத்தனை கிலோ என்று கேட்டார். சின்னப்பையன் சொன்னார். எலும்பு கொஞ்சம் சேர்த்துப் போடச் சொன்னார், ஆட்கள் நிறைய வருவார்கள் என்று.